அளவு நூல்

ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்றுதான் அக்கம்பக்கத்தில் சொன்னோம். இரண்டு நாள், நல்ல ஹோட்டல், கொஞ்சம் ஷாப்பிங். "போயிட்டு வாங்க, மனசுக்கு ஒரு மாறுதலா இருக்கும்" என்றார் எதிர்வீட்டு அம்மா. சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். சட்டென்று உள்ளே போய்விட்டார். ஒன்றரை மாதத்துக்கு முன்னால் நாங்கள் எல்லோரும் கூடி இதே வார்த்தையைச் சொல்லித்தான் என் மச்சினனை அந்த ஊருக்கு அனுப்பிவைத்தோம்.

மச்சினன் என்றால் என் மனைவியின் ஒரே தம்பி. ஒன்பது வருடம் நடத்திய போட்டோ ஸ்டூடியோவை மூடிவிட்டு நான்கு மாதம் வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஊர் மாறினால் சரியாகிவிடும் என்று யோசனை சொன்ன மகாபுத்திசாலி நான். டிராவல்ஸ் ஆபீஸில் டிக்கெட்டும் ஹோட்டல் அறையும் பதிவு செய்வது என் வேலை. இருபத்திரண்டு வருடமாக உலகத்தையே ஊர் ஊராக அனுப்பிக்கொண்டிருக்கிறேன். அதுவரை நான் போன அதிகபட்ச தூரம் வீட்டிலிருந்து ஆபீஸ். ஹோட்டல் தேடினால் கம்ப்யூட்டர் கட்டம் கட்டமாகக் கேட்கும். ஏசி வேண்டுமா, காலைச் சாப்பாடு வேண்டுமா, நீச்சல் குளம் வேண்டுமா. மூன்றிலும் டிக் போட்டேன். அவனுக்கு நீச்சல் தெரியாது. தெரியாவிட்டால் என்ன, கரையில் காலை நீட்டி உட்கார்ந்து பெரிய மனுஷன் மாதிரி ஜூஸ் குடிக்கட்டுமே என்று நினைத்தேன்.

இரண்டாம் நாள் காலையில் அந்தக் குளத்திலிருந்துதான் அவனை எடுத்தார்கள்.

தவறி விழுந்திருக்கலாம், தானாக இறங்கியும் இருக்கலாம் என்று போலீஸ் காகிதத்தில் இருந்தது. தெரியாது என்ற ஒரு வார்த்தையை இரண்டு பக்கத்துக்கு நீட்டி எழுதி, அடியில் முத்திரையும் குத்தியிருந்தார்கள். என் மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் படித்தார். படித்து முடித்துவிட்டு, "தவறி விழுந்தானா, தானா போனானா?" என்று கேட்டார். அன்றிலிருந்து அவர் பேசுவது அந்த ஒன்றுதான். தட்டில் சோறு வைத்தால் சோற்றைப் பார்த்துக் கேட்பார். இரண்டு வாய் உள்ளே போகும், தட்டு நகர்ந்துவிடும். ஒன்றரை மாதத்தில் ஆள் பாதியாகிவிட்டார். டாக்டர் சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். கேட்ட கேள்விக்குப் பதில் எழுதிக்கொடுக்க அவருக்கும் தெரியவில்லை.

"நான் போய்த் தெரிஞ்சிட்டு வரேம்மா. அதுவரைக்கும் ஒழுங்கா சாப்பிடு" என்றாள் என் மனைவி.

"என்னன்னு தெரிஞ்சா சாப்பிடறேன்" என்றார் மாமியார். பேரம் பேசுவதில் அந்தக் குடும்பத்தை யாரும் ஜெயித்தது கிடையாது.

துப்பறிய எங்களிடம் இருந்தது போலீஸ் திருப்பிக் கொடுத்த ஒரு கவர். அதில் இரண்டு பில், ஒரு சின்னச் சீட்டு, மூன்று நூல்.

நூலைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவி வீட்டில் யாரும் சைஸ் நம்பரை நம்ப மாட்டார்கள். கடைக்குக் கடை நம்பர் மாறும், நூல் மாறாது என்பது அவர்கள் கட்சி. யாராவது வெளியூர் போனால் ஆளாளுக்கு ஒரு நூலில் அளவெடுத்துக் கொடுத்துவிடுவார்கள். காலுக்கு ஒரு முடிச்சு, இடுப்புக்கு இரண்டு முடிச்சு, பேன்ட் நீளத்துக்கு மூன்று. போலீஸ் ஸ்டேஷனில் அதிகாரி அந்த நூல்களை மேஜைமேல் பாம்புக்குட்டி மாதிரி வரிசையாகப் போட்டு, "இது என்ன?" என்று கேட்டார்.

"இது நான், இது எங்கம்மா, இது இவர்" என்றாள் என் மனைவி.

அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டார்.

சிவப்பு நூல் என்னுடையது. அதில் ஒரு திருட்டுத்தனம் உண்டு. நான் குள்ளம். கல்யாணத்துக்கு முன்பே மனைவி வீட்டில் எனக்கு 'அரைப்படி' என்று பட்டம். மச்சினன் கிளம்பும்போது மூன்று நூலையும் அவனிடம் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. என் நூலை மட்டும் இரண்டு இன்ச் கூட விட்டு வெட்டினேன். நாற்பத்தெட்டு வயதில் யாரை ஏமாற்ற என்று கேட்காதீர்கள். நூலிலாவது வளரலாமே என்றுதான்.

அவன் தங்கிய ஹோட்டலிலேயே அறை எடுத்தோம். எடுத்தது வேறு யார், நான்தான். இந்தத் தடவை கட்டங்களில் எதிலும் டிக் போடவில்லை. வரவேற்பில் இருந்த பெண் படிவத்தை நகர்த்தி, "என்ன விஷயமா வந்திருக்கீங்க சார்? பிசினஸா, சுற்றுலாவா?" என்றாள்.

நான் விழித்தேன். "ஷாப்பிங்னு போடுங்க" என்றாள் என் மனைவி. போட்டேன்.

நான்காவது மாடி. நான் நூற்றுக்கணக்கான பேருக்கு விற்ற அறையை அன்றுதான் முதல்முறையாக உள்ளிருந்து பார்த்தேன். படங்களில் பார்த்ததைவிடச் சின்னது. நாங்கள் அனுப்புகிற படத்தை எந்த மூலையில் ஒட்டிக்கொண்டு நின்று எடுத்திருப்பார்கள் என்று கண்டுபிடித்துவிட்டேன். பாத்ரூம் கதவுக்குப் பின்னால். தலையணை நான்கு. தலை இரண்டு. கட்டை விரல் அளவுக்குச் சோப்பு. கதவைத் திறக்கும் அட்டையைச் சுவரில் செருகினால்தான் விளக்கு எரியும் என்பது தெரியாமல் பத்து நிமிடம் இருட்டில் ஸ்விட்சைத் தட்டிக்கொண்டிருந்தேன். "ஊருக்கெல்லாம் ரூம் போட்டுக் குடுக்கறவரு" என்று என் மனைவி ஒன்றரை மாதத்தில் முதல்முறையாகக் கிண்டல் செய்தாள். சந்தோஷத்தில் ஜன்னல் திரையை இழுத்தேன். இழுத்திருக்கக் கூடாது.

கீழே குளம். நீலத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. சுற்றிலும் புதுக் கம்பி வேலி. 'பராமரிப்புப் பணி நடைபெறுகிறது. சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று ஒரு போர்டு. யாருடைய சிரமத்துக்கு என்று போர்டில் இல்லை.

"வேலி புதுசு. அவனை எடுத்துட்டுப் போக வந்தப்ப இல்ல" என்றாள் மனைவி.

"அதான் நானும் பார்க்கறேன். வேலி இல்லாத குளம். அவன் போனைப் பார்த்துக்கிட்டே நடக்கிறவன்" என்றேன்.

அவள் திரையை மூடினாள்.

மறுநாள் காலைச் சாப்பாட்டுக் கூடத்தில் ஒருவர் மேனேஜரைப் பிடித்துச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். "பூல் இருக்குன்னு சொல்லித்தானே ரூம் வித்தீங்க? பிள்ளைங்க ரெண்டு நாளா அழுவுதுங்க! என்னதான் ரிப்பேரு அப்படி?" மேனேஜர் தண்ணீரின் தரம் என்று என்னவோ சொன்னார். என் மனைவி ரொட்டித் துண்டைத் தட்டில் அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். அவள் அம்மா தட்டை நகர்த்துகிற அதே வேகம்.

பில்லில் நேரம் அச்சாகியிருந்தது. அந்த வரிசையிலேயே கடைகளுக்குப் போனோம்.

பதினொன்று பத்துக்குச் செருப்புக் கடை. அவன் வாங்கி, அவன் பெட்டியோடு வீட்டுக்கு வந்த செருப்பைத்தான் என் மனைவி போட்டிருந்தாள். நூல் அளவு, கச்சிதம். விற்பனையாளரிடம் போனில் தம்பி படத்தைக் காட்டினாள்.

"ஒரு நாளைக்கு முந்நூறு பேர் வர்றாங்கம்மா. நான் மூஞ்சியைப் பார்க்கறதில்ல, காலைத்தான் பார்க்கறேன்" என்றார் அவர். பிறகு அவள் காலைப் பார்த்தார். "இது நம்ம கடைதான். இதே மாடல்ல பழுப்பு வந்திருக்கு, எடுக்கட்டுமா?"

எடுத்துவிட்டார். அவள் மறுத்துச் சொல்லத் தெம்பில்லாமல் உட்கார்ந்து போட்டும் பார்த்தாள். துக்கத்தில் இருப்பவர்களுக்கு விற்பது சுலபம் என்று அன்று தெரிந்துகொண்டேன். ஒரு ஜோடியோடு வெளியே வந்தோம்.

பன்னிரண்டு ஐந்துக்கு மருத்துவச் சாமான் கடை. மாமியாருக்கு இடுப்புப் பட்டை வாங்கிய இடம். கடைக்காரருக்கு நூல் ஞாபகம் இருந்தது.

"ஆமா, நூலை வெச்சு அளந்தாரு. இடுப்பளவு என்னன்னு கேட்டேன். 'அதைக் கேட்டா எங்கம்மா என்னை அடிப்பாங்க, நூலைக் கேளுங்க'ன்னாரு. நல்ல தமாஷான ஆளு."

என் மனைவி என் கையைப் பிடித்தாள். தமாஷ் பண்ணியிருக்கிறான்.

"அளவு சரியில்லாட்டி ஏழு நாளைக்குள்ள மாத்திக்கலாம்னு சொன்னேன்" என்று அவர் தொடர்ந்தார். "அதுக்கு 'மாத்தறதுக்கு யார் வரப்போறா'ன்னாரு."

கை விலகியது.

வெளியே வந்து நடைபாதையில் நின்றோம். "ஒரு ராத்திரி பஸ் ஏறி இடுப்புப் பட்டையை மாத்த யாராவது வருவாங்களா? நானா இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்" என்றேன்.

"ம்."

"நிஜமாத்தான் சொல்றேன்."

"நான் ஒண்ணும் சொல்லலியே" என்றாள்.

மிச்சம் அந்தச் சீட்டு. சட்டைப் பையில் நனைந்து, காய்ந்து, அப்பளம் மாதிரி விறைத்திருந்தது. ஒரு துணிக்கடையின் பெயர், 318 என்று ஒரு எண், 'மாலை 6' என்று நேரம். பேன்ட்டை வெட்டித் தைக்கக் கொடுத்த சீட்டு. எங்கள் மொத்த நம்பிக்கையும் அந்தச் சீட்டில்தான் இருந்தது. பேன்ட்டைத் தைக்கக் கொடுக்கிறவன் அதைப் போடத்தானே கொடுப்பான்? வாங்கிக்கொண்டு போகிற எண்ணம் இருந்தால்தானே கொடுப்பான்? வீட்டில் கிளம்பும்போதே மாமியாரிடம் இந்த வாதத்தை வைத்தேன். "கடைக்காரன் வாயால கேட்டுட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார்.

நான்கு மாடித் துணிக்கடை. லிஃப்ட் ரிப்பேர் என்று வாசலில் ஒரு நாற்காலியைக் குறுக்கே போட்டிருந்தார்கள். தையல் பிரிவு மேல் மாடியில். முதல் மாடியிலேயே என் மனைவிக்கு மூச்சு வாங்கியது. ஒன்றரை மாதமாக அவளும் சாப்பிடுகிறாளா என்ன? "நீங்க போய் விசாரிங்க, நான் மெதுவா வரேன்" என்று துணி மூட்டையொன்றில் உட்கார்ந்தாள்.

மேலே நீளமான மேஜை, இரண்டு மெஷின், குழல்விளக்கு. ஒரு மெஷினில் ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர் வாயில் குண்டூசிகளைக் கடித்தபடி தைத்துக்கொண்டிருந்தார். சீட்டை நீட்டினேன். சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சுத் திண்டில் குத்தினார்.

"நீங்கதான் அத்தானா?"

தலையாட்டினேன்.

"நூலோட வந்த தம்பிதானே? சிவப்பு நூல். நான் நூலை வெச்சுச் சாக்பீஸ் கோடு போட்டுட்டேன். 'இருங்கம்மா, அந்த நூல் பொய் சொல்லுது, ரெண்டு இன்ச் குறைச்சுக்குங்க'ன்னாரு. ஏன்ப்பான்னேன். 'எங்க அத்தான் உசரத்துல மட்டும்தான் பொய் சொல்லுவாரு, மத்தபடி தங்கம்'னாரு. நான் மெஷினை நிறுத்திட்டுச் சிரிச்சேன்." அலமாரியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துத் தூசி தட்டினார். "எவ்வளவு நாளாச்சு! ஏன் வாங்கவே வரல?"

அப்படியானால் பேன்ட் எனக்கு. அவனுக்கு இல்லை. செருப்பு அக்காவுக்கு, பட்டை அம்மாவுக்கு, பேன்ட் எனக்கு. அந்த ஊரில் ஒரு நாள் முழுக்கக் கடை கடையாக ஏறி இறங்கியவன் தனக்கென்று ஒரு கைக்குட்டைகூட வாங்கவில்லை.

"அவர் இப்ப இல்லைங்க" என்றேன். எப்படி, எங்கே என்று நாலு வார்த்தையில் சொன்னேன். அந்த அம்மா பொட்டலத்தை மேஜைமேல் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

"வாங்க எப்ப வரேன்னு சொன்னாரு? அதை மட்டும் சொல்லுங்க."

அவர் சீட்டுப் புத்தகத்தைத் திருப்பினார். 318. கடையில் தங்குகிற பாதி. அதில் ஒரு போன் எண்ணும் அவன் கையெழுத்தில் ஒரு வரியும் இருந்தன. எண் என் மனைவியுடையது. வரி: 'அக்கா வந்து வாங்கிக்கொள்வார்.'

"ரெடியானா உங்களுக்குப் போன் வரும், நம்பர் போடுங்கன்னேன். இதை எழுதினாரு. கீழ கவுண்டர்லேர்ந்துதான் கூப்பிடுவாங்க. அக்கா இந்த ஊரோன்னு நெனச்சேன்" என்றார் அந்த அம்மா. சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்கும் விளங்கியது. கை வாய்க்குப் போனது.

அடுத்த நாள் காலை பஸ்ஸுக்கு அவனுக்கு நானே டிக்கெட் போட்டிருந்தேன். கடையிலிருந்து ஹோட்டல் பத்து நிமிட நடை. ஆறு மணிக்கு வந்து வாங்கிக்கொண்டு போக அவனுக்கு என்ன கேடு? மத்தியானமே அவன் முடிவு செய்துவிட்டான். அக்கா வரவேண்டியிருக்கும் என்று தெரிந்து எழுதியிருக்கிறான். எனக்காக இரண்டு இன்ச் குறைக்கச் சொல்லிச் சிரிக்கவைத்துவிட்டு, அதே பேனாவால் எழுதியிருக்கிறான்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

"அம்மா, என் வீட்டுக்காரி வரா. அவ தம்பி. அவன் நாளைக்குக் காலைல தானே வந்து வாங்கிக்கறேன்னு சொன்னான்னு சொல்லிடுங்க. புத்தகத்தை மூடிடுங்க" என்றேன்.

"என்னைப் பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"ரெண்டு இன்ச் பொய்தாங்க."

அவர் என்னை முறைத்தார். ஆனால் புத்தகத்தை மூடி, மேலே ஒரு துணியை இழுத்துப் போட்டார்.

என் மனைவி கையில் போனைப் பிடித்தபடி வந்து நின்றாள். மூச்சு சீராகும் வரை காத்திருந்தாள். பிறகு நீதிமன்றத்தில் கேட்பதுபோலத் தெளிவாக, "இந்தப் பேன்ட்டைக் குடுத்தது என் தம்பி. எப்ப வந்து வாங்கறேன்னு சொன்னான்?" என்றாள்.

அந்த அம்மா அவள் கண்ணைப் பார்க்காமல் பொட்டலத்தைப் பார்த்துச் சொன்னார். "நாளைக்குக் காலைல ஊருக்குப் போறப்ப வாங்கிட்டுப் போறேன்னாரும்மா. கண்டிப்பா வருவேன், வேற யார்கிட்டயும் குடுத்துடாதீங்கன்னாரு. அத்தானுக்குப் போட்டுவிட்டு அரைமணி நேரம் கிண்டல் பண்ணணும்னாரு. நல்லா சிரிச்சுப் பேசிட்டுத்தாம்மா போனாரு." இதில் பாதி நான் சொல்லிக்கொடுக்காதது.

என் மனைவி அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஹோட்டலுக்கு வந்தோம். அறையைக் காலி செய்ய ஒரு மணிநேரம் இருந்தது. சாப்பிட ஏதாவது வாங்கி வரட்டுமா என்றேன். சரி என்றாள். கீழேயிருந்து வாங்கி வந்ததில் பாதிக்கு மேல் சாப்பிட்டாள். என் பொய் வேலை செய்கிறது என்று எனக்குள் ஒரு அற்பப் பெருமை. இருபத்திரண்டு வருடம் வாடிக்கையாளர்களிடம் 'கடல் தெரியும் அறை' என்று சொல்லிப் பழகிய வாயாயிற்றே.

"பேன்ட்டைப் போட்டுக் காட்டுங்க" என்றாள்.

போட்டேன். தரையைத் தொடாமல், கணுக்காலில் ஏறாமல், வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பேன்ட் எனக்கென்று பிறந்ததுபோல் நின்றது. அவள் என்னைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். போனை எடுத்து எதையோ அழுத்தினாள். மெஷின் ஓடுகிற சத்தம், பிறகு அந்த அம்மாவின் குரல். 'நாளைக்குக் காலைல ஊருக்குப் போறப்ப வாங்கிட்டுப் போறேன்னாரும்மா...'

"பதிவு பண்ணியா?"

"அம்மாவுக்கு. கடைக்காரங்க வாயால கேக்கணும்னாங்கல்ல" என்றாள். போனை மடியில் வைத்தாள். "அந்தம்மாவுக்கு என்ன சொல்லிக்குடுத்தீங்க?"

"நானா? நான் என்ன..."

"என்னங்க. அன்னைக்குச் சாயந்திரம் ஆறு மணிக்கு எனக்கு ஒரு போன் வந்துச்சு. பேன்ட் ரெடி, வந்து வாங்கிக்கங்கன்னு. ராங் நம்பர்னு சொல்லி வெச்சுட்டேன். மறுபடி அடிச்சாங்க. ஒரு வாட்டி சொன்னா புரியாதான்னு கத்திட்டேன்." அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "போலீஸ் கவர்ல இந்தச் சீட்டைப் பார்த்த அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. யாரு பேன்ட்டுன்னு கேட்டிருந்தா போதும். அவனைக் கூப்பிட்டிருப்பேன். அப்ப இருந்திருப்பான்."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏதாவது வேடிக்கையாகச் சொல்லி இந்த மாதிரி இடங்களைத் தாண்டிவிடுவது என் வழக்கம். ஒன்றும் வரவில்லை. "குளம் இருக்கற ஹோட்டலாப் பார்த்து டிக் போட்டது நான்" என்றேன்.

"தெரியும். பதிவு காகிதத்தைப் பார்த்தேன்."

வரவேற்பிலிருந்து போன் அடித்து, தங்கியது திருப்தியாக இருந்ததா என்று கேட்டார்கள். இருந்தது என்றேன்.

"எல்லாம் தெரிஞ்சுமா வந்தே?" என்றேன் அவளிடம்.

"அம்மாவுக்கு இதைச் சொல்ல ஆள் வேணும்ல. நான் சொன்னா கண்டுபிடிச்சிடுவாங்க. அங்க போய் அந்தம்மா கால்ல விழுந்தாவது சொல்லவைக்கணும்னு நெனச்சேன். மேல வர்றதுக்குள்ள நீங்க முடிச்சிட்டீங்க." அவள் மறுபடி அழுத்தினாள். மெஷின் சத்தம், அந்த அம்மாவின் குரல். 'நல்லா சிரிச்சுப் பேசிட்டுத்தாம்மா போனாரு.' அதற்குப் பிறகு எங்கிருந்தோ வேலியில் மாட்டிக்கொண்ட நாய் மாதிரி ஒரு விசும்பல்.

"யாரு அது?" என்றேன்.

"நீங்கதான்."

நான் அங்கே அழுதது எனக்கே தெரியாது.

"இது இருந்தா அம்மா நம்ப மாட்டாங்க. இந்த இடத்தை வெட்டணும். எப்படி வெட்டறது?"

இருவருக்கும் தெரியவில்லை. மச்சினன் இருந்திருந்தால் ஒரு நொடியில் செய்துகொடுத்திருப்பான். வீட்டில் போன் சம்பந்தப்பட்டதெல்லாம் அவன்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தலையும் முட்டிக்கொள்ள அந்தச் சின்னத் திரையில் கோட்டை இப்படியும் அப்படியும் நகர்த்தினோம். ஒருமுறை அந்த அம்மாவின் குரலே போய்விட்டது. பதறித் திரும்பக் கொண்டுவந்தோம். கடைசியில் என் அழுகைக்கு ஒரு மயிரிழை முன்னால் கோடு நின்றது. அவள் அழுத்தினாள்.

மொத்தம் பதினாலு நொடி வந்தது. சத்தத்தைக் கூட்டி வைத்து முழுதாகக் கேட்டோம். 'கண்டிப்பா வருவேன்' என்ற இடத்தில் என் மனைவி மெல்லத் தலையாட்டினாள்.

"இன்னொரு வாட்டி போடு" என்றேன்.